மழை பெய்தால் மட்டும் இடறும் லொறி



தென்மேல் பருவமழை மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. பதுளை, பசறைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் அடைமழை. எந்தப் பக்கமானாலும் மழை தொடங்கியதும் டிரைவர்மார் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "வெயில் நேரத்தில நல்லா ஓடுது. மழை பேஞ்சா மிஸ் அடிக்குது. ஏத்தத்தில இழுக்க மாட்டேங்குது."

லொறி நின்றால் சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அதைவிடப் பெரிய விஷயம், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் பல தோட்டங்களில் அந்த லொறிதான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பழைய பெற்றோல் லொறி ஒன்று ஓடியது. ஆனி மாதத்து மழை இரவு ஒன்றில் பிரசவ வலி கண்ட ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போகையில் ஏத்தத்தில் நின்றுவிட்டது. மேலே படங்கு போட்டுக்கொண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஆம்பிளைகள் தள்ளிப் பார்த்தும் பலனில்லை. வேறு ஒரு வேன் வந்து ஏற்றிப் போனதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் எல்லாரும் டிரைவரைத்தான் ஏசினார்கள்.

அந்த லொறி அதற்கு முன் மூன்று தடவை டவுனில் ஒரு கராஜுக்குப் போய் வந்தது. பிளக் மாற்றினார்கள், காபரேட்டர் கழுவினார்கள். போன மூன்று நாளும் வெயில்! கராஜில் எஞ்சின் பூப்போல ஓடியது. "வண்டியில கோளாறு இல்ல, ஓட்டுறவர்லதான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பில் மட்டும் மூன்று.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தவர் ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வெடுத்த ஒரு பெரியவர். "மாமா, என்ன செய்யலாம்?" என்று கிளீனர் பையன் கேட்டதற்கு அவர், "பகல்ல பார்த்தா தெரியாதுடா. இருட்டின பிறகு பொனட்டைத் திற" என்றார். ராத்திரி ஸ்டோருக்குப் பின்னால் லைட் இல்லாத இடத்தில் லொறியை நிறுத்தி, டயருக்குக் கட்டை போட்டு, எஞ்சினை ஓடவிட்டார்கள். துணி அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தலால் பிளக் வயர்கள் மேலும், டிஸ்ட்ரிபியூட்டர் கெப் மேலும் பனிபோலத் தெளித்தார். கெப்பின் ஓரத்தில் நீல நூல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடியது. அதே நேரத்தில் எஞ்சினும் இடறத் தொடங்கியது. மயிரிழை அளவு வெடிப்பு. கராஜுக்குக் கட்டிய ஒரு பில்லின் காசுக்குள்ளேயே புதுக் கெப் வந்துவிட்டது.

இது ஏன் என்று பார்ப்போம். பெட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். கொயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. 15,000, 20,000 என்றுகூடப் போகும். அந்தக் கரண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக, தடித்த வயர் வழியாக வந்து, பிளக்கின் நுனியிலுள்ள சின்ன இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்தால்தான் நெருப்புப் பொறி. கரண்டுக்குச் சோம்பேறிக் குணம் உண்டு. லேசான வழி கிடைத்தால் அதிலேதான் போகும். கெப்பிலும் வயரிலும் தூசும் எண்ணெயும் படிந்து, அதன்மேல் ஈரமும் சேர்ந்தால், பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் இரும்புக்கு இறங்கிவிடும். அந்த சிலிண்டரில் பெற்றோல் எரியாது. அதுதான் 'மிஸ்'.

ஏத்தத்தில் மட்டும் ஏன் அதிகம்? எக்ஸலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ட் தேவை. பலவீனமான இடம் எதுவோ, அங்கே அது உடைத்துக்கொண்டு போகும். சமதரையில் தெரியாத கோளாறு ஏத்தத்தில் தெரிவது இதனால்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இடறி, கால் மணித்தியாலம் ஓடிச் சூடேறியபின் சரியாகிறதா? அப்படியானால் ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கெப்பைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கோடு இருந்தால் அது கரண்ட் ஓடிய பாதை. எரிந்த கரி அது. கரியிலும் கரண்ட் ஓடும். சுரண்டினால் இரண்டு நாள் தாங்கும், பிறகு பழையபடிதான். மாற்றியே ஆகவேண்டும். நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா, ரோட்டர் எரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயர்களை மெல்ல வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கழற்றும் முன்பு ஒவ்வொரு வயரிலும் துணி நாடா கட்டி நம்பர் போடுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற ஒழுங்கு. மாற்றிச் சொருகினால் இருந்த ஓட்டமும் போய்விடும்.

ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. எந்த வயரைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஆனால் ஓடும் எஞ்சினில் ஈரக் கையோடு இழுத்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். இலெக்ட்ரோனிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் கொயிலும் அதன் பெட்டியும்கூடப் பழுதாகலாம். கிளீனர் தம்பிமார் இதைப் பழகாமல் இருப்பது நல்லது. இருட்டில் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் முறையே போதும். அப்போதும் கையை வெளியே வைத்து, பேனுக்குப் பக்கத்தில் சால்வை, கம்பளி நுனி தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்கும் பம்பை இதற்கு எடுக்கவே கூடாது.

வழியில் நின்றுவிட்டால் காய்ந்த துணியால் கெப்பின் உள்பக்கத்தையும் வயர்களையும் துடைத்தாலே அநேகமாக ஸ்டார்ட் ஆகும். சிலர் பெற்றோலில் துணியை நனைத்துத் துடைக்கிறார்கள். அந்த ஆவி போகுமுன் சாவியைத் திருப்பினால் தீப்பிடிக்கும். தண்ணீரை விரட்டும் ஸ்பிரே, டபிள்யூ.டி. 40 போன்றது, ஒரு டின் வைத்திருக்கலாம்; எஞ்சினை நிறுத்திவிட்டு அடித்து, ஆவி போகக் கொஞ்ச நேரம் விடவேண்டும். கெப்பைப் பொலித்தீனால் இறுகக் கட்டுவதும் வேண்டாம். உள்ளே வியர்த்து, வெளியே இருந்ததைவிட அதிக ஈரமாகும். பழைய டியூபை வெட்டி, மேலே மூடி கீழே திறந்த மாதிரி ஒரு தொப்பி செய்து போடலாம். ரோட்டுத் தண்ணீரைப் பேன் வாரி அடிக்காமல் தடுக்கும் கீழ்த் தகடு கழன்று விழுந்திருந்தால், அதைத் திரும்பப் பூட்டினாலே பாதித் தொல்லை தீரும். த்ரீவீலர் வைத்திருப்பவர்கள் பிளக்கின் ரப்பர் கெப்பை முதலில் பாருங்கள்.

இவ்வளவும் பெற்றோல் வண்டிக்கு. இன்று தோட்டங்களில் ஓடுவதில் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் பிளக் பொறியே கிடையாது. கெப்பும் இல்லை, கொயிலும் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் இடறுகிறதென்றால் தண்ணீர் டீசலுக்குள் போயிருக்கலாம். இது சூடேறினால் சரியாகாது. டீசல் அடித்த பிறகு தொடங்கியதா என்று டிரைவரிடம் கேளுங்கள். பில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து, அசையாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு, எயார் எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். பார்க்காமல் ஓட்டினால் இன்ஜெக்டரும் பம்பும் போய்விடும், அது பெரிய செலவு. கறுப்புப் புகையோடு இழுவை குறைந்தால் எயார் கிளீனரின் கடதாசி நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் எப்படி டீசலுக்குள் போகிறது? டேங்க் அரைகுறையாக இருந்தால் மலைநாட்டுக் குளிரில் இரவு முழுக்க உட்பக்கம் வியர்க்கும். அதனால் மாலையில் நிரப்பி வைப்பது நல்லது. இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. டீசல் பீப்பாயை வெளியே நிமிர்த்தி வைத்தால் அதன் தலையில், மூடியைச் சுற்றி, மழைத் தண்ணீர் குளம்போல நிற்கும். பகல் சூட்டில் பீப்பாய்க்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கும்போது, மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துவிடும். கூரைக்குக் கீழே வையுங்கள். இடமில்லாவிட்டால் பீப்பாயைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில், டீசலுக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். அப்போது மூடியோரம் தண்ணீரும் தேங்காது, உள்ளே காற்றும் போகாது.