கொஞ்சம் உட்காருங்க, கடலை உரிக்கலாம்!

“சீக்கிரம் சாப்பிடு... நேரமாச்சு!” நம் வீடுகளில் தினமும் அதிகம் ஒலிக்கிற வசனம் இதுதான். ஐந்து நிமிடத்தில் சாப்பாடு முடிகிறது. அதிலும் ஒரு கண் டி.வி.யில், ஒரு கண் செல்போனில்!

இந்த ஓட்டத்தைக் குறைக்க ஏற்ற காலம் ஐப்பசியும் கார்த்திகையும். கூதிர் என்று நம் முன்னோர் பெயர் வைத்த பருவம். வெயில் தணிந்து, ஆறு மணிக்கே இருட்டி, மழை எல்லோரையும் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும்.

தோல் உரிக்காத பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு வேகவையுங்கள். தட்டில் கொட்டி, சுற்றி உட்காருங்கள். ஒவ்வொன்றாக உடைத்துத்தானே தின்ன வேண்டும்? வேகம் தானாகக் குறையும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட சுமார் 20 நிமிடம் ஆகும். அவசரமாக விழுங்கினால் அதற்குள் அளவு மீறிவிடும். (ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள். முழுப் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு.)

இன்னொரு லாபமும் உண்டு. ரெண்டு கையும் வேலையாக இருப்பதால் செல்போன் ஒதுங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை என்று பையன் சொல்வான். பத்து நாளாக முட்டி வலிப்பதைப் பாட்டி அப்போதுதான் வாய்விட்டுச் சொல்வார். கேட்க ஆள் இருந்தால்தானே வலியும் வெளியே வரும்?

வாரத்தில் ஒரு சாயங்காலம், அரை மணி நேரம் போதும். தோல் குவியட்டும். பெருக்குவதை அப்புறம் பார்த்துக்கலாம்!