பந்து வீச்சாளரை எடை போடுவது எப்படி?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ரஞ்சிக் கோப்பைப் பருவம் வந்துவிட்டால் வீடு இரண்டு கட்சியாகிவிடும். பெரியவர்கள் தமிழ்நாடு என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கர்நாடகம் என்பார்கள். எங்கள் அல்சூர் வீட்டிலும் அப்படித்தான். "கும்ப்ளே பெரியவரா, அஸ்வின் பெரியவரா?" என்று தொடங்கும் பேச்சு, "நீ எந்த ஊர்க்காரன்?" என்று முடிந்தால் அது கிரிக்கெட் பேச்சு அன்று, மனக்கசப்பு. அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறேன்.

பழைய போட்டி

இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததன்று. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்ததுதான். மைசூர் 48, சென்னை 130, மைசூர் 59 என்று ஒரே நாளில் முடிந்தது. சென்னையின் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுத்தார். கர்நாடகமும் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 2015 மார்ச்சில் மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் வினய் குமார் 5 விக்கெட் வீழ்த்த, தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 134க்குச் சுருண்டது. கர்நாடகம் ஒரு இன்னிங்ஸ், 217 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது.

மூன்று எண்கள்

பந்து வீச்சாளரை அளக்க மூன்று எண்கள் போதும். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி. ஒரு விக்கெட்டுக்குத் தேவைப்பட்ட பந்துகள் ஸ்டிரைக் ரேட். ஓர் ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்கள் எகானமி. மூன்றிலும் எண் குறையக் குறையச் சிறப்பு.

ஓர் எடுத்துக்காட்டு: முதல்வர் 40 ஓவரில் 100 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுக்கிறார். மற்றவர் 30 ஓவரில் 120 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுக்கிறார். இருவருக்கும் சராசரி 20தான். ஆனால் முதல்வரின் ஸ்டிரைக் ரேட் 48, எகானமி 2.5, மற்றவருக்கு 30, 4. ஓட்டத்தைக் கட்டிப்போட முதல்வர் வேண்டும். எதிரணியை விரைவில் ஆட்டமிழக்கச் செய்ய மற்றவர் வேண்டும். ஆகவே "யார் சிறந்தவர்?" என்று கேட்குமுன் "எந்த வேலைக்கு?" என்று கேட்க வேண்டும்.

இனி கும்ப்ளே, அஸ்வின். கும்ப்ளே 132 டெஸ்டுகளில் 619 விக்கெட், சராசரி 29.65. அஸ்வின் 106 டெஸ்டுகளில் 537, சராசரி 24. ஸ்டிரைக் ரேட் முறையே ஏறத்தாழ 66, 51. அஸ்வின் கட்சி வென்றதாகத் தோன்றும். ஆனால் வெளிநாட்டு ஆடுகளங்களில் கும்ப்ளே எடுத்தவை 269. அஸ்வின் எடுத்தவை 154. எண்ணோடு இடத்தையும் காலத்தையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

இளம் வீரர்கள்

இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் நிதானம் வேண்டும். வாஷிங்டன் சுந்தர் 2024 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 59 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்தார். அருமையான பந்து வீச்சு. ஆனால் சுழலுக்கு உதவிய ஆடுகளம் அது. ஓர் ஆட்டத்தை வைத்துத் தூக்கவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம்.

நம் பெங்களூர் பிரசித் கிருஷ்ணாவின் கதை பெற்றோர்க்கும் பாடம். 2022இல் முதுகெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவால் நெடுநாள் ஆட முடியாமல், அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டு மீண்டார். 2025 ஆகஸ்டில் ஓவல் டெஸ்டில் இரு இன்னிங்ஸிலும் நான்கு நான்கு விக்கெட் எடுத்தார். இந்தியா 6 ஓட்டத்தில் வென்றது. வளரும் வயதில் ஓயாமல் வேகப்பந்து வீசினால் இத்தகைய முறிவு வரும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் பேஸ்பாலில் பெரும்பாலும் ஐந்து எறிவாளர்கள் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஒருவர் எறிந்தபின் சில நாள் ஓய்வு. காலையில் பள்ளி அணி, மாலையில் பயிற்சி முகாம், ஞாயிறன்று தெரு ஆட்டம் என்று வீசும் நம் பிள்ளைக்கு அந்த ஓய்வை யார் தருவது? நாம்தான் ஓவர்களை எண்ண வேண்டும். முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே பந்தை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

பெங்களூரின் பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட். சென்னையின் வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் 156. இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள். பெரும்பாலும் அணியில் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்கள்.

1. ஒரு டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று இருவருக்கும் கணக்கிடுக. (விடை: ஏறத்தாழ 3.9, 2.7)

2. இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? வேறு எவற்றைக் கேட்க வேண்டும்?

3. தமிழ்நாட்டுக் கட்சியினர் பிரசன்னாவுக்காகவும், கர்நாடகக் கட்சியினர் வெங்கட்ராகவனுக்காகவும் வாதாடுக. எதிர்க்கட்சிக்காகப் பேசிப் பார்த்தவர்க்கே அந்த ஆட்டக்காரரின் அருமை தெரியும்.