சூளைக்கு வரும் குடும்பங்களின் சுகாதாரம்

பொங்கல் கழிந்ததும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஆள் நடமாட்டம் பெருகுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா முதலிய பகுதிகளிலிருந்து முன்பணம் பெற்ற குடும்பங்கள் மக்களோடு வந்து, சூளையோரக் குடிசைகளில் ஜூன் மாதம் வரையில் தங்குகின்றன.

இவர்களை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? சொந்த ஊர்ப் பதிவேட்டில் 'ஊரில் இல்லை' என்றிருக்கும். நம் ஊர்ப் பதிவேட்டிலோ பெயரே இராது. இவ்விரண்டு ஏடுகளுக்கும் நடுவே விடுபட்டுப் போவது கைக்குழந்தையே. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசி 6, 10, 14 வாரங்களிலும், தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் நிறைந்த பின்னும் போடப்பட வேண்டும். ஆறு வாரக் குழந்தையோடு ஜனவரியில் வரும் தாய்க்கு, அடுத்த இரு தவணைகளும் சூளையிலேயே வந்து கழிந்துவிடுகின்றன.

நம் ஒன்றியத்தில் முதன்முறை முகாம் நடத்தியபோது நாம் செய்த பிழையைக் கூறுவதில் வெட்கமில்லை. காலை பதினொரு மணிக்குப் பந்தலிட்டு, மருந்துகளோடு காத்திருந்தோம். வந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தடுப்பூசிக்கு அஞ்சுகிறார்கள் என்று நமக்குள் முடிவு கட்டினோம். உண்மை வேறு. அவர்கள் நள்ளிரவு கடந்து எழுந்து மண் பிசைந்து, வெயில் ஏறுமுன் கல் அறுத்து ஓய்கிறார்கள். பதினொரு மணி அவர்கள் உறங்கும் நேரம். கூலியோ அறுத்த கல்லின் எண்ணிக்கைக்கு. ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாயின் அன்றைய கல் குறையும். இதைக் கேட்டறிய நமக்கு ஓராண்டு ஆயிற்று!

அடுத்த பருவத்தில் சூளை உரிமையாளர், அவர்களை அழைத்துவரும் சர்தார், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரை ஒன்றாக அமர்த்திப் பேசினோம். வாரப்படி பட்டுவாடா செய்யும் நாளின் மாலையே ஏற்றதென்று சர்தார் கூறினார். தமிழ் ஓரளவு கற்ற ஒடியப் பெண் ஒருவர் குடிசைதோறும் சென்று தாய்மாரை அழைத்தார். நம் ஒலிபெருக்கி செய்யாததை அவர் செய்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய்க்கு மறுநாள் வேலையில் தளர்வு தர உரிமையாளர் இசைந்தார்; இதுவே கடினமான பேச்சாக இருந்தது.

போலியோ ஒழிப்புப் பணியிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. செங்கற்சூளைகளையும் கட்டட வேலையிடங்களையும் தனிப் பட்டியலிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் எவரும் தாக்கப்படவில்லை.

குடிநீரையும் மறத்தலாகாது. ஊராட்சியின் தொட்டி இயக்குபவர் சூளைத் தொட்டியையும் சோதிக்கலாம், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் வேண்டும்.

அட்டை ஊரிலே தங்கிவிட்டதென்று எந்தத் தாயையும் திருப்பி அனுப்பலாகாது. தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜூன் மாதத்தில் அவர்கள் புறப்படுமுன், அடுத்த ஊசியின் தேதியை எண்களால் எழுதி, அட்டையைக் கைப்பேசியிலும் படமெடுத்துக் கொடுக்கிறோம். அவர்கள் ஊர் ஆஷா பணியாளரின் எண் கிடைத்தால், செவிலியர் அவரையும் அழைத்துச் சொல்லிவிடுகிறார்.