சுவைத்த நூலும் சொந்த மண்ணும்

நுழையும்முன்

நூல்களைப் படிப்போர் அனைவரும் திறனாய்வாளர் அல்லர். வேலை முடிந்த மாலையிலும் பேருந்துப் பயணத்திலும் தமக்குப் பிடித்த நூலைப் படித்து மகிழ்வோரே மிகுதி. அத்தகைய எளிய வாசகர் ஒரு நூலைச் ‘சுவைத்தேன்’ என்று கூறும்போது அவருள் நிகழ்வது யாது? கொங்கு மண்ணில் தோன்றிய இரு நாவல்களின் வழியே இப்பாடம் அதனை விளக்குகிறது.

அறிமுகத்தின் மகிழ்ச்சி

ஆர். சண்முகசுந்தரம் தாராபுரத்தை அடுத்த கீரனூரில் பிறந்தவர். அவருடைய ‘நாகம்மாள்’ 1942ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடி எனத் திறனாய்வாளர் பலர் அதனைக் குறிப்பிடுவர். கொங்குப் பகுதி வாசகர் அதனைத் திறந்ததும் உணர்வது, அயலூரில் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி. கதைமாந்தர் பேசும் பேச்சு அவர் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு. ‘காடு’ என்னும் சொல் கொங்கு வழக்கில் பெரும்பாலும் மழையை நம்பி விளையும் புன்செய் நிலத்தைக் குறிக்கும். பிற பகுதி வாசகர் நின்று பொருள் தேடும் அச்சொல்லை இவர் தயங்காமல் கடந்து செல்வார். அன்றாடம் பேசும் மொழி அச்சில் மதிப்புடன் இடம்பெறுவதைக் காணும்போது, தம் ஊர் வாழ்வும் எழுதத் தக்கதே என்னும் தெளிவு பிறக்கிறது.

மனத்தைக் கலக்கும் கேள்வி

மகிழ்ச்சி மட்டுமே வாசிப்பின் பயன் அன்று. நாகம்மாள் கணவனை இழந்தவள். கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்துடன் வாழ்பவள். கணவன் வழிவந்த நிலத்தில் தன் பங்கைத் தனியே பிரித்துத் தருமாறு அவள் கேட்கிறாள். அக்கேள்வியை ஊரார் சிலர் தம் நலத்துக்காகத் தூண்டிவிடுகின்றனர். குடும்பப் பூசல் முற்றி, இறுதியில் கொலையில் முடிகிறது.

முதல் வாசிப்பில் பலர் சின்னப்பனுக்காக வருந்துவர். நாகம்மாளைக் குடும்பத்தைப் பிரித்தவளாகவே கருதுவர். ஆயினும் அவள் கேட்டது முறையற்றதா என்னும் ஐயம் நூலை மூடிய பின்னும் தொடரும். நாவல் தோன்றிய காலத்தின் சட்டநிலையை அறிந்தால் அந்த ஐயம் வலுப்பெறும். கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் உரிமை வழங்கும் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு அது பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே நாகம்மாள் அச்சில் வந்து தன் பங்கைக் கேட்கிறாள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் கைம்பெண்ணுக்கு முழு உரிமை அளித்தது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. இவற்றை அறிந்து மீண்டும் படிக்கும் வாசகர், தாம் யார் பக்கம் நின்றோம் என்பதைத் தாமே வினவிக்கொள்வார்.

வேலிக்கு அப்பால்

‘நாகம்மாள்’ நிலத்தில் பங்குடையோரின் கதை. அதே மண்ணில் ஒரு சாண் நிலமும் இல்லாதவர் கண்ணுக்கு அந்தக் காடு எவ்வாறு தோன்றும்? திருச்செங்கோடு பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் 2000இல் வெளியிட்ட ‘கூளமாதாரி’ இதற்கு விடை தருகிறது. பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவர்களின் வாழ்வை அது சொல்கிறது. மேய்ச்சல் நிலம் அவர்களுக்கு விளையாட்டுக் களம். பசியும் அடியும் அச்சமும் காத்திருக்கும் இடமும் அதுவே. தம் ஊரை முழுதும் அறிந்ததாக எண்ணிய வாசகர், வேலிக்கு அப்பால் நின்ற சிறுவனைத் தாம் ஒருநாளும் கவனித்ததில்லை என்பதை இங்கே உணர்கிறார். அறிமுகமான பேச்சே, அறியாத வாழ்வுக்கு அவரை அழைத்துச் செல்கிறது.

இந்நாவலாசிரியரே ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யையும் தொகுத்தளித்துள்ளார். வழக்கொழியும் சொற்களைப் பேணுவதில் அகராதியும் நாவலும் துணைநிற்கின்றன. அகராதி சொல்லின் பொருளைத் தருகிறது. அதனை யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார் என்பதை நாவல் காட்டுகிறது.

வாசகரின் குறிப்பேடு

ஒரு நூலைப் பற்றி நான்கு வரி எழுதுவதற்குப் பெரும்புலமை தேவையில்லை. ‘நன்றாக இருந்தது’ என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி எண்ணத் தொடங்கினோம், எந்த மாந்தர்மீது சினம் எழுந்தது, யாருடைய குரல் கதையில் ஒலிக்கவில்லை என்பவற்றைக் குறித்துவைத்தல் போதும். சில ஆண்டுகள் கழித்து அந்நூலை மீண்டும் படிக்கும்போது, பழைய குறிப்புக்கும் புதிய எண்ணத்துக்கும் உள்ள வேறுபாட்டில் வாசகர் தம் வளர்ச்சியைக் காண்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வழக்குச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, வீட்டிலுள்ள மூத்தோரிடம் பொருள் கேட்டு எழுதுக.
2. ‘நாகம்மாள் கேட்டது முறையே’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் உரையாடுக.