கண்படையும் துயிலெடையும்

உறக்கத்தைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பலவுள. துயில், கண்படை, துஞ்சல், அனந்தல் என்பன அவற்றுட் சில. இன்று பெருவழக்காயுள்ள தூக்கம் என்னுஞ் சொல், தொங்குதல், அசைதல் என்னும் பொருளையுடைய தூங்கு என்னும் வினையினின்று தோன்றியதாகும். இத்துணைப் பெயர்களை இட்டு வழங்கிய நம் முன்னோர் உறக்கத்தை எளியதொரு பொருளாகக் கருதினாரல்லர். தொல்காப்பியனார் பாடாண் பகுதியுட் கண்படைநிலை எனவும் துயிலெடைநிலை எனவும் இரு துறைகளை வைத்துள்ளார். அவையில் நெடும்பொழுது வீற்றிருந்த அரசனைத் துயில்கொள்ளுமாறு மருத்துவரும் அமைச்சரும் வேண்டுதல் முன்னையது. துயிலும் அரசனைச் சூதர் புகழ் கூறி எழுப்புதல் பின்னையது. உறங்கப் புகுதலும் உறக்கத்தினின்று எழுதலும் ஒன்றற்கொன்று இணையாய் எண்ணப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

இக்காலத்து மாணவரை எழுப்புவார் பலர். உறங்குமாறு வேண்டுவார் சிலரே. இரவு 10 மணிக்கு விளக்கணைத்துப் படுத்தும் நள்ளிரவு கடந்து 1 மணி வரை கண் மூடாது புரள்வாரும், கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் விழித்துக்கொண்டு மீண்டும் உறங்கமாட்டாது வருந்துவாரும் நம்மிடையே பலராவர். இவர் காலையில் எழமாட்டாராயின் சோம்பர் எனப்படுவர்; வகுப்பிற் கண்ணயர்வாராயின் கல்வியில் நாட்டமிலார் எனப்படுவர். நாளடைவில் தம்மைத் தாமே அங்ஙனம் எண்ணி மனந்தளர்வாரும் உளர். இப்பழி பொருந்துமா என்பதையும், இக்குறை நீங்கும் வழி யாது என்பதையும் யாம் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராயப் புகுகின்றாம்.

உறக்கம் எங்ஙனம் வருகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மாலையில் இலை கூம்பிக் காலையில் விரியுஞ் செடிகளை நாம் அறிவோம். தூங்குமூஞ்சி மரம் இக்காரணம் பற்றியே அப்பெயர் பெற்றது. 1729ஆம் ஆண்டில் தெ மைரான் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் தொட்டாற்சுருங்கி இனத்துச் செடியொன்றை வெயில் படாத இருளில் வைத்து நோக்கினார். கதிரவனைக் காணாதிருந்தும் அச்செடி தன் இலைகளை உரிய காலத்தில் விரித்தும் குவித்தும் வந்தது. செடியின் அகத்தே ஒரு காலக்கணக்கு உண்டென்பது இதனாற் புலனாயிற்று. மக்கள் உடலினுள்ளும் அத்தகையதொரு கடிகாரம் உளது. இவ்வகக் கடிகாரம் உயிரணுக்களுள் இயங்குமாற்றை ஆராய்ந்து கண்டமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மக்களின் அகக் கடிகாரம் ஒரு சுற்று முடிப்பதற்கு 24 மணி நேரத்தினும் சிறிது மிகையாகவே கொள்கின்றது. ஆதலின் அது நாடோறும் திருத்தப்படல் வேண்டும். திருத்துவது கண் வழியாகப் புகும் ஒளி. காலையொளி அதனை முன்னே தள்ளும். இரவில் படும் மிக்க ஒளி அதனைப் பின்னே இழுக்கும். இருள் சூழுங்கால் மெலட்டோனின் என்னுஞ் சுரப்புப் பொருள் குருதியிற் பெருகி, இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கின்றது. கண்ணெதிரே ஒளி வீசுங்கால் அச்சுரப்புக் குன்றுகின்றது.

கடிகாரம் ஒன்றே உறக்கத்தைத் தருவதன்று. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உறக்கத்திற்கான வேட்கை நம்முள் திரண்டுகொண்டே செல்கின்றது. இதனைத் துயிற்பாரம் எனலாம். மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்வது இப்பாரத்திற்கு ஒரு காரணமாகும். உறங்குங்கால் இப்பாரம் இறங்குகின்றது. அகக் கடிகாரமும் துயிற்பாரமும் ஆகிய இவ்விரண்டும் கூடியே உறக்கத்தை ஆளுகின்றன என்னுங் கொள்கையைப் போர்பெலி என்பார் 1982ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார். இரண்டும் ஒருங்கே இசைந்த பொழுதில் உறக்கம் தானே வரும். ஒன்று இசையாதாயினும் எத்துணை முயன்றும் அது வாராது.

இனி, இளமைப் பருவத்திற்குரிய சிறப்பைக் கூறுவாம். குழந்தைப் பருவம் நீங்கி உடல் முதிர்ச்சியுறத் தொடங்குங்கால் அகக் கடிகாரம் பின்னோக்கி நகர்கின்றது. மேரி கார்ஸ்கடன் என்னும் அமெரிக்க அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாலைப்பொழுதை விரும்பும் இவ்வியல்பு உடல் முதிர்ச்சியோடு தொடர்புடையது எனக் காட்டினர். துயிற்பாரம் திரள்வதும் சிறுவரினும் இளைஞர்க்கு மெல்லவே நிகழ்கின்றது. ஆகவே, 9 மணிக்குக் கண்ணயர்ந்த சிறுவன் 16 அகவையில் 11 மணிக்கும் விழித்திருத்தல் இயல்பேயாம். ஆயின் உறக்கத்தின் தேவை அந்த அளவிற்குக் குறைவதில்லை. 13 முதல் 18 அகவை வரையுள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் வரையறுத்தது.

இவ்வுண்மையை ஏற்றுப் பள்ளி நேரத்தையே மாற்றிய நகரங்களும் உள. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில் 2016ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் காலை 7.50 என்பதிலிருந்து 8.45 ஆக மாற்றப்பட்டது. அதன் பின்னர் மாணவர் நாள்தோறும் 34 நிமிடம் மிகுதியாக உறங்கினர் என 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. பிந்தி எழ இடந்தந்தால் மாணவர் பிந்தியே படுப்பர் என்று ஐயுற்றாரது ஐயம் இதனால் பெரிதும் நீங்கிற்று. ஆகவே இளைஞரது விழிப்பை முழுதுஞ் சோம்பலென்று பழித்தல் பொருந்தாது.

நம் நாட்டிலோ வைகறைப் படிப்பு என்னும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. விடியுமுன் எழுந்து படித்தது மனத்திற் பதியும் எனப் பெரியோர் கூறுவர். இவ்வழக்கத்தை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும் அது பிறந்த காலத்தை நோக்கல் வேண்டும். மின்விளக்கில்லாத ஊர்களில் இரவுணவு முடிந்தவுடனே பாய் விரித்தனர். இரவு 8 மணிக்குத் துயின்றவர் 4 மணிக்கு எழுந்தால் 8 மணி நேரம் உறங்கியவராவர். நாமோ அவ்வழக்கத்தின் ஒரு பாதியை மட்டும் போற்றி, மறுபாதியைக் கைவிட்டோம். 12 மணிக்குப் படுத்தவரை 4 மணிக்கு எழுப்புதல் பழைய வழக்கத்தைக் காப்பதாகாது.

இதனால் விளையும் இழப்பு யாதெனிற் கூறுதும். இரவை மாலை, யாமம், வைகறை எனப் பத்துப் பத்து நாழிகை கொண்ட மூன்று கூறுகளாகப் பகுத்தனர் தமிழர். இக்காலத்துக் கணக்கில் யாமம் 10 மணி முதல் 2 மணி வரையும், வைகறை 2 மணி முதல் 6 மணி வரையும் ஆகும். 10 மணிக்கு உறங்கியவனுக்கு ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் யாமத்தில் வாய்க்கும். விழிகள் இமைக்குள் விரைந்தசையும் கனவுறக்கமோ வைகறையிற் பெருகும். இக்கனவுறக்கத்தை ஆசெரின்ஸ்கி, கிளைட்மன் என்பார் 1953ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். வைகறையை இழப்பவன் இதன் பெரும்பகுதியை இழக்கின்றான். உறக்கத்தை விற்று நினைவை வாங்க எண்ணுவதும் நட்டமான வாணிகமே. 1924ஆம் ஆண்டில் ஜெங்கின்ஸ், டல்லன்பாக் என்னும் இருவர் கார்னெல் பல்கலைக் கழகத்து மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்யுமாறு பணித்தனர். மனனஞ் செய்தபின் விழித்திருந்த காலத்தினும் உறங்கிய காலத்தில் மறதி குறைவாயிருந்தது. படித்ததைக் காக்குந் தொழில் உறக்கத்தினுடையது என்பது இதனாற் பெறப்படும்.

இரவிடை விழித்தலைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கொண்ட சுற்றுக்களாக நிகழ்கின்றது. சுற்றுக்களின் இடையே சிறிது விழித்தல் எல்லார்க்கும் உள்ளதே; பெரும்பாலோர் காலையில் அதனை நினைவுகூர்வதில்லை. விழித்தவன் உடனே கடிகாரத்தை நோக்கி, இன்னும் 3 மணி நேரமே உளது என எண்ணி அஞ்சுவானாயின், அவ்வச்சமே உறக்கத்தைத் துரத்திவிடும். விழிப்பினுங் கொடியது விழிப்பைப் பற்றிய கவலையாகும்.

இனித் தீர்வுகளைக் கூறுவாம். உறக்கம் வாராதவன் முதலில் நாடும் வழி விரைந்து படுத்தலாம். 1 மணிக்கு உறங்கிப் பழகியவன் ஒரு நாள் 9 மணிக்கே படுப்பின், கடிகாரமும் பாரமும் இசையாமையால் நான்கு மணி நேரம் புரள்வான். படுக்கையைக் கண்டாலே அவனுக்கு விழிப்பு வருமாறு மனம் பழகிவிடும். ஆகலின் மருந்து கண்படையிற் காணப்படுவதன்று; துயிலெடையிற் காணப்படுவது. இதுவே எம் கட்டுரையின் முடிந்த கருத்தாகும். உறங்கும் நேரம் நம் ஆணைக்கு உட்பட்டதன்று. எழும் நேரமோ நம் கையில் உளது.

ஆகவே, எழும் நேரம் ஒன்றை முதலில் வரையறுத்துக் கொள்க. அது காலை 6 மணி எனக் கொள்வோம். முதனாள் இரவு உறக்கம் குறைந்ததாயினும் 6 மணிக்கே எழுதல் வேண்டும். எழுந்தவுடன் அறைக்குள் இராது வெளியே வந்து, அரை மணி நேரம் இளவெயிலில் உலவுக. விடுமுறை நாளில் 10 மணி வரை உறங்குவது திங்கட்கிழமைக்குத் தீங்கு தேடுவதாகும். ஒரு மணி நேரத்திற்கு மேல் வேறுபடாதிருத்தல் நன்று. பகலில் உறங்க நேரின் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 நிமிட அளவில் நிறுத்துக. 12 மணிக்கு உறக்கம் வருமாயின் அந்நேரத்திலேயே தொடங்கிச் சில நாட்களுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தி வருக. 10 மணியை அடையச் சில வாரங்கள் செல்லும், பொறுமை வேண்டும்.

இரண்டாவது, காப்பியுந் தேநீரும் நண்பகலோடு நிற்றல் வேண்டும். அவற்றிலுள்ள கஃபீன் என்னும் பொருள் அடினோசினின் செயலைத் தடுப்பது. அதன் பாதி நீங்குதற்கே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். தேர்வுக் காலத்தில் மாலை 6 மணிக்குப் பருகியதன் பாதி 11 மணிக்கும் உடலில் நிற்கும். மூன்றாவது, படுக்குமுன் ஒரு மணி நேரம் பெருவிளக்கையும் கைப்பேசியையும் ஒதுக்குக. கைப்பேசியின் ஒளியினும் அது கொணருஞ் செய்திகள் மனத்தைக் கிளறுவது பெரிது. நாளைக்குரிய கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடிவைத்தலும் பயன்தரும்.

நான்காவது, கட்டில் உறங்குதற்கேயன்றிப் படித்தற்கும் உண்டற்கும் உரியதன்று. 20 நிமிடத்தளவு உறக்கம் வாராதாயின் எழுந்து வேறிடத்திற் சென்று, மங்கிய ஒளியில் கிளர்ச்சி தராத நூலொன்றைப் படித்திருந்து, கண்கள் சுழலும்போது மீள்க. இம்முறையைப் பூட்ஸின் என்னும் உளநூலறிஞர் 1972ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். விடுதியில் மேசைக்கு இடமில்லாதார் கட்டிலின் ஒரு புறத்தைப் படிப்பிற்கும், தலையணையுள்ள புறத்தை உறக்கத்திற்கும் எனப் பகுத்துக்கொள்ளலாம். சன்னலைத் திறந்து காற்று வரச் செய்தலும், கொசுவலை கட்டுதலும் சிறியவாகத் தோன்றினும் புறக்கணிக்கத் தக்கனவல்ல.

உறக்க மாத்திரைகளை மருத்துவர் சொல்லின்றித் தாமே வாங்கி உண்பது பெருந்தீங்காகும். உறக்கமின்மை பல வாரங்கள் நீடிப்பினும், உறங்குங்கால் மூச்சுத் தடைப்பட்டுக் குறட்டை எழினும், இரவு முழுதும் கால்கள் அமைதியுறாது துடிப்பினும் மருத்துவரை நாடுக. எல்லாவற்றினும் முதன்மையாக, உறக்கங்கெட்டதோடு மகிழ்ச்சியும் பசியும் குன்றி, வாழ்வில் வெறுப்புத் தோன்றுமாயின், அதனை ஒளிக்காது பெற்றோரிடமேனும் ஆசிரியரிடமேனும் அன்றே கூறுக. அஃது இழுக்கன்று, காய்ச்சலைக் கூறுவது போல்வதே.

நண்பர்காள்! அரசனுக்கு மருத்துவரும் அமைச்சரும் இருந்தனர். விடுதி மாணவர்க்கு அறைத்தோழரே உளர். தோழன் புரள்வதைக் கண்டும் விளக்கை எரியவிட்டு உரத்துப் படித்தல் தோழமையாகாது. 10 மணிக்கு ஒருவர்க்கொருவர் விளக்கணைத்து, 6 மணிக்கு ஒருவரையொருவர் எழுப்பி, வெயிலுள்ள இடத்திற்கு உடன் நடத்தல் நம்மால் இயலாத செயலன்று. இவ்விரண்டையும் ஒரு திங்கள் செய்து பார்ப்போமாக.