அட்டை வாங்கினால் லாபமா?

அன்புள்ள தங்கைக்கு,

காஸ்ட்கோ என்ற அமெரிக்கக் கிடங்குக் கடையில் பொருள் வாங்க ஆண்டுக்கு 65 டாலர் சந்தா கட்ட வேண்டும். கடைக்குள் நுழையவே காசா என்று நம்மூர் ஒரகடத்து மளிகைக்கடைக்காரர் சிரிப்பார்.

ஆனால் காஸ்ட்கோவின் பிழைப்பே சந்தாவில்தான். பொருளின் மேல் அது வைக்கும் லாபம் பெரும்பாலும் 15 சதவீதத்தைத் தாண்டாது. பெரிய சூப்பர்மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சரக்கு இருக்கும். இங்கே சுமார் 4,000. வகையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் மலைபோல் கொள்முதல் செய்வதால் உற்பத்தியாளரிடம் விலையை அடித்துப் பேச முடிகிறது. 2024 நிதியாண்டில் சந்தாவாக வந்தது மட்டும் சுமார் 480 கோடி டாலர். இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் அது.

வாங்குகிறவர் பக்கம் கணக்கு வேறு. மொத்தமாக வாங்கியதை வைக்க வீட்டில் இடம் வேண்டும், ஏற்றிவரக் கார் வேண்டும், கையில் மொத்தமாகப் பணமும் வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதி 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. அறையைப் பலரோடு பகிர்கிறவர் ஐந்து லிட்டர் ஷாம்புவை எங்கே வைப்பார்? அவருக்கு ஏற்ற சரக்கைக் கடலூர் சின்னிகிருஷ்ணன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்: ஷாம்பு பாக்கெட். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனம் ‘சிக்’ பாக்கெட்டை ஊரூராகக் கொண்டுபோனது. வேடிக்கை என்னவென்றால், பல பிராண்டுகளில் மில்லி கணக்குப் போட்டால் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு. மொத்தம் என்றாலே மலிவு என்று பாடப்புத்தகத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதே.

அரிசி மட்டும் விதிவிலக்கு. வாடகை அறைத் தோழிகள் காசு போட்டு மூட்டையாகவே இறக்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைகள் 26 கிலோ மூட்டை கட்டின. ஒரு கிலோ கூடியதும் வரி போயிற்று!

இப்படிக் கூடி வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1904-இல் திருவல்லிக்கேணியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி உள்ளிட்டோர் தொடங்கிய டியூசிஎஸ் கூட்டுறவு அங்காடியும் உறுப்பினர் கடைதான். அங்கே கட்டுவது பங்குத்தொகை, உறுப்பினரே முதலாளி. காஸ்ட்கோ சந்தாவோ ஆண்டு முடிந்ததும் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்குத் தருகிறேன். ஒரகடத்தில் 1,000 ரூபாய் சந்தாவில், 8 சதவீதம் மலிவாக விற்கும் கிடங்குக் கடை வருகிறது என்று வைத்துக்கொள். வெளிக்கடை விலையில் ஆண்டுக்கு 12,500 ரூபாய்க்கு மேல் பெறும் சரக்கை வாங்கினால்தான் சந்தாவுக்குக் கட்டுப்படியாகும். அதோடு ஆட்டோ கூலியையும் கெட்டுப்போகும் சரக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து, விடையை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்