பின்னுக்கு நிற்கப் போகும் தம்பிக்கு

கல்லூரி உதைபந்தாட்ட அணிப் பட்டியலில் உன் பெயர் முதன்முறையாக ஏறியிருக்கிறது. ஆனால் மாஸ்டர் உன்னைப் பெக் விளையாடச் சொல்லிவிட்டார். முகம் சுருங்கத்தான் செய்யும். கோல் அடித்தவனைத்தான் தோளில் தூக்குவார்கள், காலைக் கூட்டத்தில் அதிபர் வாசிப்பதும் அவன் பெயரைத்தான். உன் வேலை ஒழுங்காக நடந்த நாளில் உன்னைப் பற்றிச் சொல்ல எவருக்கும் ஒன்றும் இருக்காது. இதை முதலிலேயே ஏற்றுக்கொள்கிறவன் நல்ல பெக் ஆவான். ஏற்காதவன் இரண்டாம் தவணை முடிவதற்குள் முன்னுக்கு ஓடத் தொடங்கி, பின்னுக்கு ஓட்டை விழுத்துவான். முன்னொரு காலம் உள்ளே நின்று ஆடி, பிறகு திருகோணமலையின் ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் அரங்கிலும் வேலியோரம் நின்று பார்த்துக் கிழடானவன் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன். தங்கச்சிமாரும் இப்போது பந்து விளையாடுகிறார்கள், அவர்களுக்கும் இதேதான்.

1. பந்தைப் பறிக்க அவசரப்படாதே. முதல் சீசனில் புதுப் பெக்மார் அடிபடுவது இங்கேதான். எதிராளி பந்தோடு வருகிறான், இவன் பாய்கிறான், அவன் ஒரு வெட்டு வெட்டிப் போய்விடுகிறான். பாய்ந்தவன் தரையில், கோல் காப்பாளர் தனியே.

உன் வேலை அவனைப் பிந்த வைப்பது. வலது பெக்காக நிற்கிறாய், இடது விங்கர் வருகிறான் என்று வை. ஒன்றரைக் கை தூரத்தில் நில். நேருக்கு நேர் நிற்காதே, இடது கால் சற்று முன்னுக்கு, உடம்பு கோட்டுப் பக்கம் திரும்பியபடி, முழங்கால் மடித்து நில். நடுவுக்கு வரும் வழியை அடைத்துவிட்டு, ஓரக்கோட்டு வழியைத் திறந்து காட்டு. அவன் உள்ளே வந்தால் கோல் தெரியும், வெளியே போனால் கோடுதான் தெரியும். அவன் தோளைப் பார்க்காதே. தோளும் இடுப்பும் பொய் சொல்லும், பந்து சொல்லாது. அவன் முன்னேற நீ பின்னுக்குப் போய்க்கொண்டே இரு. பந்து அவன் காலை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகும் நொடி ஒன்று வரும், கால் போடும் நேரம் அதுதான். வராவிட்டாலும் பரவாயில்லை. நீ பிடித்து வைத்த மூன்று நான்கு நொடியில் உன் ஆட்கள் திரும்பி ஓடி வந்திருப்பார்கள்.

கனடாவில் பனித்தரையில் சறுக்கி ஆடும் ஹொக்கியிலும் பெக்குக்குச் சொல்லிக்கொடுப்பது இதையேதான் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். பின்னோக்கிச் சறுக்கப் பழக வேண்டும், எதிராளிக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும், அவனை நடுவிலிருந்து ஓரப் பலகைப் பக்கம் தள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் பொபி ஓர் என்றொரு பெக் இருந்தார். 1970இலும் 1975இலும் தேசிய ஹொக்கி லீக்கில் எல்லாரையும் விட அதிக புள்ளி எடுத்தவர் அவர். பெக் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அவரோடு சரி. இதை வாசித்துவிட்டு நீயும் முன்னுக்கு ஓடிவிடாதே. போன வேகத்தில் திரும்பி வர அவருக்குக் கால் இருந்தது. உனக்கு இருக்கிறதா என்பதை மாஸ்டர் சொல்லட்டும்.

2. போட்டிக்கு முன்னர் மைதானத்தை நடந்து பார். முன்னுக்கு ஆடுகிறவன் பார்க்காவிட்டால் ஒரு வாய்ப்புத்தான் போகும், நீ பார்க்காவிட்டால் கோல் போகும். கோல் வாய்க்கு முன்னால் புல் தேய்ந்து மணல் கிளம்பியிருக்கும், அங்கே பந்து எழும்பாமல் சறுக்கும். இரண்டடி தள்ளிக் கட்டாந்தரையில் அதே பந்து முகத்துக்கு எழும்பும். இந்த ஊரில் மான்கள் வேறு நகரத்துக்குள்ளே மேய்கின்றன, அவை வந்து போன இடத்தில் காலை வைத்தால் சறுக்கி விழுவாய். சிரிக்காதே, விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்றையும் பார். வருட நடுவில் கச்சான் வீசும்போது காற்றுக்கு எதிராக உயரத்தில் உதைத்த பந்து போன வழியே திரும்பி வரும். அந்தப் பாதியில் பந்தைத் தாழ வைத்து ஆடு, அல்லது ஓரக்கோட்டுக்கு வெளியே அடித்துவிடு. காற்று உன் முதுகுப் பக்கம் இருந்தால் எதிரணியின் உயரப் பந்து எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே விழும், இரண்டடி முன்னுக்கு வந்து நில். கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து நின்றுவிடும். அந்தக் காலத்தில் காப்பாளருக்கு மெதுவாகத் தள்ளுகிற பந்து என்று ஒன்று உன் ஆட்டத்திலேயே இருக்கக் கூடாது.

3. சட்டத்தைப் படி. எங்கள் காலத்தில் பெக்குக்கு ஒரு சொகுசு இருந்தது: நெருக்கினால் காப்பாளரின் கைக்குத் தட்டிவிடலாம், அவர் பிடித்து நேரத்தைக் கடத்துவார். 1992இல் அதை எடுத்துவிட்டார்கள். நீ வேண்டுமென்று காலால் தட்டிய பந்தை அவர் கையால் தொட்டால் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை. தலையாலோ நெஞ்சாலோ கொடுத்தால் பிடிக்கலாம். ஆனால் காலால் பந்தைத் தூக்கித் தலையில் போட்டுக் கொடுக்கிற கெட்டித்தனம் வேண்டாம், அதற்கும் தண்டனை உண்டு.

2019இலிருந்து கோல் உதை தண்ட எல்லையைத் தாண்டத் தேவையில்லை, உள்ளேயே நின்று வாங்கலாம். ஐரோப்பிய அணிகள் காப்பாளருக்குப் பக்கத்தில் நின்று வாங்கிச் சின்னச் சின்னப் பந்தாக வெளியே கொண்டு வருவதை ரி.வி.யில் பார்த்துவிட்டு நம் பொடியன்மாரும் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஆடுவது கம்பளம் மாதிரிப் புல்லில். நான் முதலில் சொன்ன மணலைப் பார்த்துவிட்டு முடிவெடு. காப்பாளர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை என்று 2025இல் வேறு வந்திருக்கிறது. அதனால் அவர் பந்தைப் பிடித்ததும் முதுகைக் காட்டி நடக்காமல், அகலமாக விரிந்து வாங்கத் தயாராக நில்.

4. வாயைத் திற. பின்னுக்கு நிற்கிறவனுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாதவன் பாதி பெக். முதுகைக் காட்டி நிற்கும் நடுக்கள ஆட்டக்காரனுக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாது, உனக்குத் தெரியும். ‘மேன் ஒன்’, ‘டைம்’, ‘டேர்ன்’, ‘விடு’, ‘என்ட’ — ஒரு சொல் போதும். வசனம் பேசினால் நீ முடிப்பதற்குள் பந்து போய்விடும். திருகோணமலையில் ஒரே அணியில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும், அதனால் இந்தச் சின்னச் சொற்களை எல்லாருக்கும் பொதுவாகப் பயிற்சியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு. பிழை விட்டவனை ஏசாதே, ஏச்சுக் கேட்டவனின் அடுத்த பந்தும் பிழைக்கும்.

5. நான்கு பேரும் சேர்ந்து அசையுங்கள். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் வராவிட்டால் மீன் பக்கத்தால் போய்விடும். பின்களக் கோடும் அப்படித்தான். மூன்று பேர் முன்னேற, ஒருவன் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டு பின்னுக்கு நின்றால் எதிரணியின் முழு முன்களமும் ஓஃப்சைட் இல்லாமல் நிற்கும். உனக்குச் சமமாக நிற்கிறவன் ஓஃப்சைட் அல்ல என்பது 1990இலிருந்து உள்ள சட்டம். அரைக்காலடி முந்தி நின்றான் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடாதே. கொடி தூக்குவது லைன்ஸ்மனின் வேலை, அவர் தூக்காமலும் விடுவார். விசில் கேட்கும் வரை ஓடு. முறைப்பாடு இருந்தால் அணித்தலைவர் கதைப்பார்.

6. தண்ட எல்லைக்குள் கை அடங்கியிருக்க வேண்டும். கையை உடம்போடு ஒட்டி வை, ஜேர்சியைப் பிடிக்காதே. 2021 ஜூலையில் யூரோ இறுதிப் போட்டியில் இத்தாலியின் கியெலினி, இங்கிலாந்தின் சாகாவைக் கொலரில் பிடித்து இழுத்து விழுத்தினார். மஞ்சள் அட்டை, கிண்ணமும் இத்தாலிக்குத்தான். அதைக் கெட்டித்தனம் என்று பாராட்டுகிறவர்கள் அது நடந்தது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் என்பதைச் சொல்வதில்லை. கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்போடு தண்ட எல்லைக்குள் போகிறவனை நீ அப்படி இழுத்தால் 11 மீற்றரிலிருந்து தண்ட உதையும் போகும், சிவப்பு அட்டையும் வரும். பந்துக்குத்தான் காலைப் போட்டாய், பிந்திவிட்டது என்றால் 2016இல் திருத்திய சட்டப்படி மஞ்சளோடு தப்பலாம். ஆகவே பந்தைப் பார்த்துப் போ, ஆளைப் பார்த்துப் போகாதே. பின்னாலிருந்து சறுக்கிக் காலை வாருவது எந்த எல்லையிலும் வேண்டாம். அவன் கால் முறிந்தால் அவன் வீட்டு நிலைமை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது.

7. உயரம் காணாது என்று கவலைப்படாதே. 2006இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய இத்தாலி அணித்தலைவர் ஃபபியோ கன்னவாரோ நடு பெக், உயரம் ஏறக்குறைய ஐந்தடி ஒன்பது அங்குலம். அதே வருடம் பலோன் டோர் விருதும் அவருக்கே. அவர் முந்திக் குதித்தார். நீயும் பந்து இறங்குவதற்கு முன்னரே எழும்பப் பழகு. கண்ணை மூடாதே, உச்சந்தலையால் இல்லை, நெற்றியால் அடி. அடித்த பந்து உயர்ந்து ஓரத்துக்குப் போக வேண்டும். கோலுக்கு நேர் முன்னால் விழுத்தினால் எதிரணிக்குப் பரிமாறிக் கொடுத்தது மாதிரி.

தலையோடு தலை மோதி, தலை சுற்றினாலோ கண் மங்கினாலோ வாந்தி வந்தாலோ வெளியே வந்துவிடு. அன்றைக்குத் திரும்ப இறங்காதே, மாஸ்டர் கேட்டாலும் இறங்காதே. வீட்டில் சொல்லி டொக்டரிடம் காட்டு. இதில் வீரம் ஒன்றும் இல்லை.

8. முதல் சீசனில் அதிக நேரம் பெஞ்சில்தான் இருப்பாய். அங்கே போனை நோண்டாதே. உன் இடத்தில் ஆடும் அண்ணாவைப் பார், அவருக்கு எதிரே வரும் விங்கரை அதைவிட நன்றாகப் பார். முதல் இரண்டு பந்தை எந்தக் காலால் நிறுத்தினான்? எந்தப் பக்கம் வெட்டினான்? களைத்தால் இடுப்பில் கை வைக்கிறானா? எழுபதாவது நிமிடத்தில் மாஸ்டர் உன்னைக் கூப்பிடும்போது, அவனோடு ஏற்கெனவே ஒரு ஆட்டம் ஆடிய மாதிரி இறங்கலாம். தண்ணீர்ப் போத்தல் தூக்கச் சொன்னால் தூக்கு.

9. சாப்பாடு, தண்ணீர். போட்டிக்கு மூன்று மணித்தியாலம் முன்னர் சோறோ பாணோ, எண்ணெய் குறைவாக. வெயில் நாளில் தாகம் வரும் வரை காத்திருக்காதே, கடுமையாக வியர்த்தால் ஜீவனி கரைத்துக் குடி. கலர் சோடா ஆட்டம் முடிந்த பிறகு.

10. உன் காலில் பட்டு உன் கோலுக்குள்ளேயே பந்து போகும். இந்த சீசனில் போகாவிட்டால் அடுத்த சீசனில் போகும், கோலுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கு அது தொழிலின் ஒரு பங்கு. 1994 உலகக் கிண்ணத்தில் கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் அமெரிக்காவோடு நடந்த போட்டியில் குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார், அது உள்ளே போய்விட்டது. பத்து நாள் கழித்து அவருடைய ஊரான மெடலினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வேலியோரம் நின்று பதினாறு வயதுப் பிள்ளையைத் தூசணத்தில் திட்டுகிற பெரியவர்களும் இதை வாசிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். நீ செய்ய வேண்டியது, பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்து நடுவுக்கு உதைத்துவிட்டு, அடுத்த பந்தை எளிதாக, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுப்பது. ஒரு சரியான பாஸ் போனால் நெஞ்சு படபடப்பு அரைவாசி இறங்கிவிடும்.

11. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஆடப் போவாய். 2009இல் 396 மீற்றர் பாலம் திறக்க முன்னர் கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும், ஆட்டம் தொடங்க முன்னரே அரைவாசிக் களைப்பு வந்துவிடும். இப்போது அந்தச் சாட்டும் இல்லை. அங்கே பந்து என்றால் ஊரே வரும். கோட்டுக்கு ஒரு அடி தள்ளி நின்று உன் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு பகிடி விடுவார்கள். பதில் சொல்லாதே, திரும்பியும் பார்க்காதே. நீ பார்த்தால் அவர்களுக்கு வெற்றி. அந்த விங்கர்கள் சின்ன உடம்பு, கெதியான கால், வெறுங்காலோடு மணலில் ஆடிப் பழகியவர்கள். முதலாவது அறிவுரையை அங்கே இரண்டு மடங்காக எடுத்துக்கொள். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கு, தேத்தண்ணி தந்தால் இருந்து குடித்துவிட்டு வா. இன்றைக்கு உன்னைச் சுற்றி ஓடியவன் அடுத்த வருடம் மாகாண மட்டத்தில் உன் அணியில் நிற்கக்கூடும்.

12. ரியூசனையும் பயிற்சியையும் மோதவிடாதே. உயர்தர வருடத்தில் எந்த நாள் வர முடியாது என்பதை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல். சொல்லாமல் நின்றுவிட்டுப் பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதே. விளையாட்டுத் திறமைக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு உண்டு, ஆனால் அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு வை.

13. பூட்ஸ். அண்ணாவின் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதென்றால் பஞ்சு அடைத்துப் போடாதே, பெருவிரல் நகம் போய்விடும். உன் அளவில் பழையதொன்றையாவது வாங்கு. கட்டாந்தரைக்குக் குட்டைக் குமிழ், மழைக்கு நீண்டது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் குட்டையை எடு, இந்த ஊரில் வெயில் நாள்தான் அதிகம். ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பழைய பத்திரிகையை அடைத்து நிழலில் வை. வெயிலில் வைத்தால் பசை விட்டுப் போகும். கடலோரம் ஓடப் போகிற நாளில் அதைப் போட்டுக்கொண்டு போகாதே, உப்புத் தண்ணீர் பட்டால் ஒரு தவணைகூடத் தாங்காது.